ஜேடர்பாளையம் பக்கம் ஒரு ராஜினாமா

தூத்துக்குடிக்காரனுக்குக் கடல் இல்லாத ஊரெல்லாம் வெளிநாடுதான். அந்த வகையில் சேலம் எனக்கு முழு வெளிநாடு. மீன் வாங்கப் போனால் ஐஸ்பெட்டியைத் திறந்து காட்டுகிறார்கள். சாயங்காலம் காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று கேட்டால், "எந்தக் காத்துங்க?" என்கிறார்கள். சித்திரை வெயிலில் அங்கே போகிற அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டதற்கு ஒரு கன்னியாஸ்திரீதான் காரணம்.

நான் கல்லூரியில் கிரேக்க, ரோமானிய வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். என் வகுப்பில் தூங்காத மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருத்தி பிலோமினா. இப்போது சிஸ்டர் பிலோமினா. அஸ்தம்பட்டியில் ஒரு பயிற்சி மையம் நடத்துகிறார். அன்றைக்குக் கேள்வி கேட்டே என்னைக் கொன்றவர், இன்றைக்கு உத்தரவு போட்டுக் கொல்கிறார்.

"சார், பஞ்சாயத்துத் தலைவிகளுக்கு வகுப்பு வெச்சிருக்கேன். அந்தக் காலத்துத் தலைவர்களோட வாழ்க்கை வரலாற்றுலேர்ந்து நல்ல பாடமா எடுத்துச் சொல்லணும்" என்றார் போனில்.

"அவங்கள்ல பாதிப்பேர் கொலைகாரங்கம்மா."

"மீதிப் பாதியைச் சொல்லுங்க."

போய் இறங்கிய அன்றே வகுப்பு. அஸ்தம்பட்டியில் ஒரு மனிதனுக்கு ஒன்றரை ஸ்கூட்டர் இருக்கும் போலிருக்கிறது. சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போவதற்குள் காலையில் சாப்பிட்ட இட்லி செரித்துவிட்டது. மையத்தின் மேல்மாடி ஹாலில் நுழைந்தேன். அங்கே வெள்ளைச் சட்டை போட்ட ஆண்களாக உட்கார்ந்திருந்தார்கள். தப்பான கூட்டத்துக்கு வந்துவிட்டேனோ என்று திரும்பினேன்.

"வாங்க சார், உக்காருங்க, நாங்கதானுங்க" என்றார் முன்வரிசையில் ஒருவர். எருமப்பட்டிப் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் முத்துசாமி. தலைவி அவர் மனைவி. "அவளுக்கு ஊட்டு வேலையே சரியா இருக்குதுங்க. தலைவர் வேலைய நான் பாத்துக்கறேன்."

ஹால் முழுக்க இதே கதை. ஒருவரைத் தவிர எல்லோரும் தலைவிகளின் வீட்டுக்காரர்கள். சிஸ்டர் கோபப்படவில்லை. "ரொம்ப நல்லது. எல்லாரும் போனை எடுங்க. அவங்கவங்க வீட்டுக்குப் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க. தலைவர் கேட்டாகணும்" என்றார். மறுபேச்சுப் பேச ஒருவருக்கும் தைரியமில்லை.

அப்படியாக, என் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, மேஜைமேல் வரிசையாகப் படுத்திருக்கும் போன்களுக்கு ரோமாபுரி வரலாறு நடத்தினேன். ஒரு போனில் குக்கர் விசில். ஒன்றில் கோழிச் சத்தம். ஒன்றில் யாரோ யாரையோ "அந்த வாளிய இங்க கொண்டா" என்றார்கள். இருந்தாலும் சொல்கிறேன், என் கல்லூரி வகுப்பைவிட அது உயிரோடிருந்தது.

நேரில் வந்திருந்த ஒரே தலைவி கடைசி வரிசையில் இருந்தார். பெயர் கோகிலா. ஜேடர்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அவர் வீட்டுக்காரர் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப வாரக்கணக்காகும். அதனால் மனைவியின் பதவியைப் பார்த்துக்கொள்ள அவருக்கு நேரமில்லை. பதவியைக் கோகிலாவே பார்த்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது.

முதலில் ஒரு ரோமானிய விவசாயியின் கதையைச் சொன்னேன். ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவரைக் கூப்பிட்டு மொத்த அதிகாரத்தையும் கையில் கொடுக்கிறார்கள். அவர் போய்ப் போரை ஜெயித்து, சில நாட்களிலேயே பதவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏர் பிடிக்கிறார். எனக்கே புல்லரிக்கும் இடம் அது.

"ஏனுங்க சார்" என்றார் முத்துசாமி. "ஊட்டுல ஏதாச்சும் பிரச்சனைங்களா அவருக்கு?"

"இல்லையே."

"பின்ன எதுக்குங்க உட்டுட்டு வந்தாரு?"

பதவி ஆசை இல்லாதவர் என்று விளக்கினேன். பின்னாலிருந்து ஒருவர், "அப்ப எதுக்குங்க போனாரு?" என்றார். நான் அவசரமாகக் குறிப்பேட்டின் பக்கத்தைப் புரட்டினேன்.

அடுத்து ஏதென்ஸ் நகரத்து வழக்கம். பிடிக்காத தலைவரின் பெயரை ஓட்டாஞ்சில்லில் எழுதிப் போட்டு, அதிகம் பெயர் விழுந்தவரைப் பத்து வருஷத்துக்கு ஊரைவிட்டு அனுப்பிவிடுவார்கள். இது ஹாலில் பிரமாதமாக எடுபட்டது. ஆளாளுக்கு மனதுக்குள் பெயர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள் என்று முகத்திலேயே தெரிந்தது. "ஒருத்தரத்தான் அனுப்போணுமுங்களா?" என்று ஒரு கேள்வி. மேஜையிலிருந்த ஒரு போனிலிருந்து பெண் குரல் தெளிவாக வந்தது: "ஊட்டுக்காரர அனுப்பலாமுங்களா?" போனுக்குச் சொந்தக்காரர் அதைக் கவிழ்த்து வைத்தார்.

சாயங்காலம் சிஸ்டர் என்னைத் தட்டுவடை செட் சாப்பிட அனுப்பினார். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் கேரட்டும் சீவிப்போட்டு, சட்னி தடவிக் கையில் கொடுக்கிறார்கள். கடித்தால் பாதி சட்டையில் விழுகிறது. எங்கள் ஊர் மக்ரூனை வாயில் போட்டால் சத்தமில்லாமல் கரையும். இது தெருவுக்கே கேட்கிற மாதிரி நொறுங்குகிறது. இன்னொரு செட் வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் சட்டம் இயற்றியவர்களின் கதை. கிரேக்க நாட்டில் ஒரு நகரம். அதற்கு ஒரு தலைவர் கறாரான சட்டங்களைப் போட்டார். தான் கண்ணை மூடினால் மாற்றிவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ஊரைக் கூட்டினார். "நான் குறி கேட்கக் கோயிலுக்குப் போகிறேன். திரும்பி வரும்வரை இந்தச் சட்டத்தில் கைவைக்க மாட்டோம் என்று சத்தியம் செய்யுங்கள்" என்றார். எல்லோரும் சத்தியம் செய்தார்கள். அவர் ஊரைவிட்டுப் புறப்பட்டார்.

அந்த இடத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. கீழே சமையற்கட்டிலிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு வாசனை காலையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. எந்தக் கிரேக்கத் தலைவரும் அதன் முன்னால் நிற்க முடியாது. நானும் எழுந்துவிட்டேன். மத்தியானம் வேறு பாடத்துக்குப் போய்விட்டேன். கதையின் முடிவைச் சொல்லவில்லை என்பது எனக்கு ஞாபகமே இல்லை.

வகுப்பு முடிந்து எல்லோரும் போனார்கள். அடுத்த வாரக் கடைசியில் இன்னொரு கூட்டம் வருகிறது என்று சிஸ்டர் என்னை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் பூசைக்குப் போனேன். பாட்டெல்லாம் எங்கள் ஊர்ப் பாட்டுதான், ஆனால் நிதானமாகப் பாடுகிறார்கள். பூசை முடிந்து வெளியே வந்தால் மீன்காரி இல்லாத கோயில் வாசல். ஞாயிற்றுக்கிழமை என்ற எண்ணமே வரவில்லை.

திங்கள்கிழமை காலை மையத்தின் வாசலில் ஒரு பெரிய பையோடு கோகிலா நின்றார்.

"சார், நீங்க சொன்ன மாதிரியே பண்ணிப்போட்டேனுங்க."

"நான் என்னம்மா சொன்னேன்?"

வலது உள்ளங்கையைக் காட்டினார். நடுவில் சின்னதாகத் தீக்காயம். அவர் சொன்னதைச் சுருக்கித் தருகிறேன். அவர் ஊரில் ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. குழாயைத் திறந்தால் மேலத்தெருக்காரர்கள் பிடித்து முடித்தபிறகுதான் கடைசித் தெருவுக்குப் போகும். போகும் என்பது மரியாதைக்குச் சொல்வது. அங்கே கோடை முழுக்கக் காற்றுதான் வரும். கடைசித் தெருவில் இருப்பவர்கள் கூலி வேலைக்குப் போகிறவர்கள். குடத்தைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு நடப்பார்கள். கோகிலா வீடு மேலத்தெருவில். அவர் முறையைத் தலைகீழாக மாற்றினார்: விடிந்ததும் முதல் தண்ணீர் கடைசித் தெருவுக்கு, மேலத்தெருவுக்குக் கடைசியில். பேசிப் பேசி எல்லோரையும் சம்மதிக்க வைத்துவிட்டார். ஆனால் அது எத்தனை நாளைக்கு என்று அவருக்குத் தெரியும்.

"மாரியம்மன் கோயில்ல வெச்சுக் கேட்டனுங்க. நான் மறுபடி சேலம் போறேன், தலைவர் திரும்பி வார வரைக்கும் தண்ணி மொறைய மாத்த மாட்டோம்னு கற்பூரம் அடிங்கன்னு. ரெண்டு நாள்தானேன்னு எல்லாரும் அடிச்சுப்போட்டாங்க. நானும் அடிச்சேன்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது. கோர்ட்டில் எதைத் தொட்டுச் சத்தியம் செய்தவனும் வெளியே வந்து மாற்றிப் பேசுவான். கற்பூரம் அடித்தவன் பேசமாட்டான். அடித்ததை மீறினால் குடும்பம் விளங்காது என்பது அங்கே யாரும் சோதித்துப் பார்க்க விரும்பாத விஷயம்.

"இப்ப நான் ஊருக்குப் போகாத வரைக்கும் மாத்த முடியாதுங்க" என்றார் கோகிலா. அவ்வளவு சந்தோஷமான முகத்தை நான் எந்தப் பரீட்சை ரிசல்ட்டிலும் பார்த்ததில்லை. எனக்கும் பெருமையாக இருந்தது. இத்தனை வருட வாத்தியார் வேலையில் நான் சொன்ன ஒன்றை ஒருவர் செய்துகாட்டியது அதுதான் முதல் தடவை. சிஸ்டர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவர் அந்தப் பாடத்தைப் பரீட்சைக்குப் படித்தவர்.

அன்று மத்தியானமே போன் வர ஆரம்பித்தது. துணைத் தலைவர் நல்லசிவம். மேலத்தெருவில் பெரிய வீடு அவருடையது. தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதால் துணையோடு நின்றுபோனவர்.

"எப்பங்க வாரீங்க? கலெக்டர் நம்மூருக்கு வாராராம்."

"வந்தா டீ குடுங்க" என்றார் கோகிலா.

அடுத்த போனில் கோகிலாவின் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது. அதற்கடுத்த போனில் அரசாங்கம் அவருக்கு விருது கொடுக்கப்போகிறது, உடனே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். எருமை பத்திரமாக இருப்பதாக மாமியார் தனியாகப் போன் செய்து சொன்னார். கடைசித் தெருவிலிருந்து ஒரு பெண், தண்ணீர் குடத்தில் விழும் சத்தத்தைப் போனை வைத்துக் கேட்கவைத்தார். கோகிலா அதை என் காதிலும் சிஸ்டர் காதிலும் வைத்தார். நல்ல சத்தம்தான்.

சாயங்காலம் மகள் தாரணி கூப்பிடுவாள். ஏழாவது படிக்கிறாள். அப்பன் வடக்கே, அம்மா சேலத்தில், பிள்ளை மாமியார் கையில். "எப்பம்மா வருவே? ஆத்தா குழம்புல உப்பே போடறதில்ல" என்பாள். "வாரேன் சாமி, ரெண்டு நாள்ல வாரேன்" என்பார் இவர். மறுநாளும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் நாள் தாரணி பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினாள், பூனையைப் பற்றிப் பேசினாள், வைத்துவிட்டாள்.

கோகிலா போனைக் கையில் வைத்தபடியே இருந்தார். "இன்னைக்கு எப்ப வருவேன்னு கேக்கலீங்க" என்றார்.

பிறகு என்னிடம் திரும்பி, "சார், அந்த கிரேக்க நாட்டு ஆளு கடைசில எப்படிங்க ஊருக்குத் திரும்புனாரு? என்ன வழி பண்ணுனாரு?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு ஆட்டுக்கறிக் குழம்பு ஞாபகம் வந்தது.

"அவர் திரும்பலைம்மா."

"திரும்பலையா?"

"போன இடத்திலேயே சாப்பிடாம இருந்து செத்துப்போயிட்டார். தான் திரும்பவே கூடாதுன்னுதான். சத்தியம் என்னைக்கும் நிக்கணும்ல."

"ஏனுங்க சார், இத மொதல்லயே சொல்லியிருந்தா ஒரு மாசத்துக்குன்னு சத்தியம் வாங்கியிருப்பனுங்களே."

மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை, யோசனையில் இருந்தார். இரவுச் சாப்பாட்டில் சிஸ்டர் எனக்கு மட்டும் ரசம் சாதம் போட்டார். கறிக்குழம்பு மற்றவர்களுக்கு.

மறுநாள் காலையில் முத்துசாமி ஒரு அட்டை முட்டையோடு சிஸ்டரைப் பார்க்க வந்தார். வகுப்புக்கு நன்றியாம். கார் டிக்கியிலும் பின்சீட்டிலும் இன்னும் அட்டை அட்டையாக முட்டை, யார் யாருக்கோ. கோகிலா பையோடு இறங்கி வந்து, "அண்ணா, நாமக்கல்தானுங்களே போறீங்க? என்னய கலெக்டர் ஆபீஸ்ல உட்டுருங்க" என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்து, "நீங்களும் போங்க சார். நீங்க ஆரம்பிச்சது" என்றார்.

மடியில் முட்டை அட்டையோடு பயணம் செய்திருக்கிறீர்களா? வேகத்தடை ஒவ்வொன்றும் ஒரு ஆன்மிக அனுபவம். முத்துசாமி நாமக்கல் முட்டை விலை நிர்ணயம் பற்றி ஆரம்பித்தார். கோகிலா நடுவில் புகுந்து அமைதியாகச் சொன்னார்: "ராஜினாமா பண்ணப் போறேனுங்கண்ணா."

கார் நின்றது. என் மடியில் இரண்டு முட்டை உடைந்தது.

"ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?" என்றார் முத்துசாமி.

"நல்லாத்தான் இருக்கறேன். தலைவர் திரும்பி வார வரைக்கும்னுதான் கற்பூரம் அடிச்சிருக்கறாங்க. தலைவர் ஊருக்குப் போகக்கூடாது. நான் ஊட்டுக்குப் போகோணும். எம்புள்ள கேக்கறதையே உட்டுட்டா. ரெண்டுக்கும் வேற என்னங்க வழி?"

முத்துசாமி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் முன்னாலிருந்த லாரியின் பின்பக்கத்தைப் பார்த்தார். இன்னும் ஒன்றரை வருஷம் பதவி இருக்கிறது என்றார். அடுத்த தடவை ஒன்றியக் கவுன்சிலர் வரை போகலாம் என்றார். எல்லாம் உண்மைதான் என்று கோகிலா ஒத்துக்கொண்டார். கடைசியில் முத்துசாமி என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "சார், எங்கூட்ல மட்டும் இந்தக் கதையச் சொல்லிப்போடாதீங்க" என்றார்.

கலெக்டர் ஆபீசில் ராஜினாமா வாங்குகிற குமாஸ்தா ஏன் என்று கேட்கவில்லை. கேட்பார் என்று நான் எதிர்பார்த்து ஒரு சின்ன உரை தயார் செய்து வைத்திருந்தேன், வீணாயிற்று. கோகிலா கையெழுத்துப் போட்டுவிட்டு, பையிலிருந்து சின்ன ரப்பர் ஸ்டாம்பை எடுத்தார். "சீல் வெக்கோணுமுங்களா?" "வைங்க" என்றார் குமாஸ்தா, தலை நிமிராமல். கோகிலா சீலை அழுத்தி வைத்தார். மை காயும்படி ஊதினார். இன்னொரு தடவை ஊதினார். நகலில் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம்.

நாமக்கல்லில் எதைக் கேட்டாலும் முட்டையோடு தருகிறார்கள். புரோட்டாவில் முட்டை, தோசையில் முட்டை. மடியில் ஏற்கெனவே இரண்டு முட்டை காய்ந்திருந்ததால் நான் தயிர்சாதம் சாப்பிட்டேன். பிறகு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, எனக்கு உண்டு. கோகிலா ஜன்னலோரம் ராணி மாதிரி உட்கார்ந்தார். காசு கொடுத்த நான் கம்பியைப் பிடித்துத் தொங்கினேன். ஜேடர்பாளையத்துக்குச் சற்று முன்னால் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. கண்டக்டர் இறங்கிப் பார்த்தார், டிரைவர் இறங்கிப் பார்த்தார், பயணிகள் எல்லோரும் இறங்கிப் பார்த்தார்கள். அத்தனை பேர் பார்த்தும் பஸ் நகரவில்லை.

நடந்தே தடுப்பணைக்குப் போனோம். காவிரி விரிந்து கிடக்கிறது. இவ்வளவு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தெரு குடத்தோடு அலைகிறது என்பதை நினைத்தால் எரிச்சலாக வந்தது. அணைப் பக்கம் ஆற்றுமீன் பொரித்து விற்கிறார்கள். கடல்மீன் தின்று வளர்ந்தவன் ஆற்றுமீனைப் பாராட்டுவது எங்கள் ஊரில் குலத்துரோகம். சூடாக, மிளகாய் தூக்கலாக, நன்றாகவே இருந்தது. முள்தான் ஜாஸ்தி. கோகிலா தொடவில்லை. வாங்கிய மீனைத் தாரணிக்குப் பொட்டலம் கட்டச் சொன்னார். பக்கத்தில் வந்த பால்வண்டியை நிறுத்தி ஏறிக்கொண்டோம்.

முத்துசாமி வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை என்று நினைக்கிறேன், அல்லது பால்வண்டிக்காரர் போன் செய்திருக்க வேண்டும். ஊர் முனையில் மேலத்தெரு மொத்தமும் நின்றது. கடைசித் தெருக்காரர்களும் வந்திருந்தார்கள், கொஞ்சம் தள்ளி, முகம் செத்துப்போய். நல்லசிவம் முன்னால் வந்து கும்பிட்டார். எனக்கும் சேர்த்து ஒரு கும்பிடு.

"வாங்க தலைவரம்மா. வந்துட்டீங்களா. அப்ப கற்பூரம் முடிஞ்சுதுங்க. நாளைக்குக் காலைல பழைய மொறைப்படி தண்ணி உட்றலாம்."

கோகிலா வண்டியிலிருந்து இறங்கவில்லை. நகலை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தலைவர் வரலீங்கண்ணா. நான் மட்டுந்தான் வந்திருக்கறேன்."

நல்லசிவம் படித்தார். மறுபடி படித்தார். பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்து அவரையும் படிக்கச் சொன்னார். பிறகு தெம்பு வந்து, "தலைவரே இல்லைன்னா சத்தியம் எப்படிங்க செல்லும்? இல்லாதவங்க எப்படித் திரும்பி வருவாங்க?" என்றார். கூட்டத்தில் பாதி தலையாட்டியது. இரண்டாயிரம் வருஷத்துக் கதைகளில் இதற்குப் பதில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றுமில்லை.

பதில் நல்லசிவத்தின் மனைவியிடமிருந்து வந்தது. அவர் புருஷனுக்குப் பின்னாலேயே நின்றிருந்தார்.

"வைகாசில புள்ளைக்குக் கல்யாணத்த வெச்சுக்கிட்டு கற்பூரத்தோட வெளையாடாதீங்க. திரும்பி வார வரைக்கும்னு நீங்கதான் அடிச்சீங்க. வரல. பேசாம இருங்க."

நல்லசிவம் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். மேலத்தெருவில் இன்னும் நாலைந்து பேர் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள். கோகிலா அதற்குப் பிறகுதான் இறங்கினார்.

"புதுசா ஒருத்தர் வார வரைக்கும் நீங்கதானுங்கண்ணா எல்லாம் பாக்கோணும்" என்று நல்லசிவத்திடம் சீல் கட்டையைக் கொடுத்தார். "காலைல மொதல்ல கடைசித் தெரு. மறந்துறாதீங்க."

வருடக்கணக்காக ஆசைப்பட்டது கையில் வந்த மனிதர் இவ்வளவு துக்கமாக நின்று நான் பார்த்ததில்லை. தாரணி ஓடிவந்தாள். அம்மாவைக் கட்டிக்கொள்வாள் என்று பார்த்தேன், மீன் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, "இதுக்கா இத்தன நாளு?" என்றாள். அப்புறம்தான் கட்டிக்கொண்டாள்.

அன்று அவர்கள் வீட்டிலேயே தங்கச் சொன்னார்கள். மாமியார் அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய சாதம் போட்டு, மேலே நெய் ஊற்றினார். உப்பு உண்மையிலேயே இல்லை. நான் தாரணியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

விடிந்ததும் கடைசித் தெருவுக்குப் போய்ப் பார்த்தேன். குழாயில் தண்ணீர் முழு வேகத்தில் விழுந்துகொண்டிருந்தது. தோளில் துண்டோடு நல்லசிவம் நின்று, வரிசையை மீறிய ஒருவரை அதட்டிக்கொண்டிருந்தார். நல்ல அதிகாரமான குரல். பொறுப்பு வந்துவிட்டது. மேலத்தெருவில் கோகிலா வீட்டுக் குடம் தன் முறைக்காகக் காலியாகத் திண்ணையடியில் உட்கார்ந்திருந்தது.

பஸ் ஏற்றிவிடக் கோகிலா கூடவே வந்தார். நீங்கள் செய்தது பெரிய காரியம், நான் படித்த எந்தத் தலைவரும் உங்களிடம் நிற்க முடியாது என்று நான் ஏதேதோ சொல்லிக்கொண்டு வந்தேன். வாத்தியார் புத்தி, பாடத்தைச் சொல்லி முடிக்காமல் போகாது.

"சார்" என்றார் அவர், ஸ்டாப்பில் நின்று. "அந்த வேல எனக்கு ரொம்பப் புடிச்சிருந்துதுங்க. எந்த ஆபீசுக்குப் போனாலும் எந்திரிச்சு வாங்கம்பாங்க. நான் சொன்னா ரோட்ல லைட் எரியும். சீல் கட்டையக் குடுக்கறப்பக் கையே வரலீங்க."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை. தோளைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியாமல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதவியை உதறிவிட்டுப் போன தலைவர்களைப் பற்றி அந்தக் காலத்து வரலாற்றுக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அத்தனையையும் நான் படித்திருக்கிறேன். மறுநாள் காலையில் அவர்களில் ஒருவராவது அழுதார் என்று யாரும் எழுதவில்லை. அதனால் நான் எழுதிவைக்கிறேன். கோகிலா அழுதார்.